பச்சைச் சட்டையும் நீலச் சட்டையும்

"அந்தச் சட்டையோட உள்ள வராதீங்க."

சொன்னவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்தபோது என் சிவப்புச் சட்டையின் சாயல் மேசைமேல் இருந்த திரையின் ஓரத்தில் விழுந்ததாம். அது போதுமாம். வாசலருகே ஒரு கொக்கியில் சாம்பல் நிற மேலங்கி தொங்கியது. அதை மாட்டிக் கழுத்துவரை பொத்தான் போட்ட பிறகுதான் எனக்கு நாற்காலி கிடைத்தது. அதற்குப் பிறகும் அவர் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் சாம்பல் சுவர். ஒரு படம் இல்லை, நாள்காட்டி இல்லை, ஆணி அடித்த தடம்கூட இல்லை.

"கண்ணக் கழுவிக்கிட்டிருக்கேன் சார். ஒரு காட்சியப் பாத்த கண்ணோட அடுத்த காட்சிக்குப் போகக் கூடாது. கசப்பு மருந்து குடிச்ச வாயோட டீ குடிச்சா, டீயத் திட்டுவோம் பாருங்க, அந்தக் கதைதான்."

பழைய படங்களைப் பழுது பார்த்துப் புதிய பிரதி எடுக்கும் கூடம் அது. அங்கே வேலை பார்க்கும் இவரைப் பற்றி எழுதத்தான் நான் போயிருந்தேன். கீழ்த்தளத்தில் பிலிம் சுருளைக் கழுவிக் கிழிசலை ஒட்டுகிறார்கள். நடுத்தளத்தில் அதை ஸ்கேன் செய்து கணினிக்குள் ஏற்றிக் கீறல்களை அழிக்கிறார்கள். மேல்தளத்தில், ஜன்னல் இல்லாத இந்த அறையில், நிறம் கொடுப்பது இவர் வேலை. வானம் எவ்வளவு நீலம், முகம் எவ்வளவு சிவப்பு, நிழல் எவ்வளவு கறுப்பு என்று காட்சிக்குக் காட்சி முடிவு செய்கிறவர் இவர்தான். தொழிலில் இதற்கு கிரேடிங் என்று பெயர். அவர் மேசையில் மூன்று உருண்டைகள் பாதி புதைந்து கிடக்கின்றன. உள்ளங்கையால் அவற்றை உருட்டினால் திரையில் நிறம் நகரும்.

சுவர், மேசை, திரைச்சீலை, அவருடைய உடை, காலில் போட்டிருக்கும் செருப்பு, எல்லாமே சாம்பல். அதனால் கூடத்தில் அவருக்குச் சாம்பலக்கா என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுகிறார்கள். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. "நல்லவேளை, கலரில்லாத பேரா வச்சாங்க" என்கிறார்.

அறுபதைத் தொடப்போகும் வயது. குட்டையான உருவம், கத்தரித்த முடி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி. கோபம் மூக்கின்மேல் உட்கார்ந்திருக்கும், கண்ணாடி கழுத்தில் தொங்கும். அவரோடு கடைத்தெருவுக்குப் போகிறவர்கள் மறுமுறை போவதில்லை. துணிக்கடை விளக்கை நம்பாமல், துணியைத் தூக்கிக்கொண்டு தெரு வெளிச்சத்துக்கு வந்துவிடுவார். கடைக்காவலர் பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடிவருவார். மகள் தன் கைப்பேசியில் அழகுபடுத்திய படங்களை அனுப்பினால் இவரிடமிருந்து வரும் பதில், "மாப்பிள்ளைக்கு மஞ்சக் காமாலையா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்பதாக இருக்கும்.

வீட்டுக்காரர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பேச்சுக்காரர். "இவளப் பக்கத்துல வச்சுக்கிட்டு வண்டி ஓட்ட முடியாதுங்க. சிக்னல் சிவப்பா இருக்குன்னு பிரேக் போட்டா, 'அதுல ஆரஞ்சு கலந்திருக்குங்க'ம்பா" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார். குறை சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது பெருமை என்றுதான் எனக்குத் தோன்றியது.

காதல் படம், பக்திப் படம், குடும்பப் படம் எல்லாம் இவர் கைக்கு வந்து போயிருக்கின்றன. ஆனால் உயிர் என்னவோ பழைய சண்டைப் படங்களிடம்தான். ஏன் என்று கேட்டேன்.

"காதல் படத்துல கலர் மாறினா மனசு கொஞ்சம் அப்படி இப்படிப் போகும். சண்டைப் படத்துல கலர் மாறினா அடியே மாறிடும் சார். புழுதி மஞ்சளா இருந்தாத்தான் அது வெயிலு. வெயிலா இருந்தாத்தான் வேர்வை. வேர்வை இருந்தாத்தான் அவன் களைச்சுப் போயிட்டான்னு உங்களுக்குத் தெரியும். களைச்சவன் எழுந்து அடிக்கும்போதுதான் நீங்க கை தட்டுவீங்க. புழுதியக் கொண்டுபோய் நீலத்துல முக்கினீங்கன்னா, அப்புறம் எவன் எழுந்தா என்ன?"

இப்போது வெளிவரும் புதுப்பித்த படங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மேலங்கிக்குள் எனக்கே வேர்த்துவிடும். நிழலெல்லாம் நீலப்பச்சை, முகமெல்லாம் ஆரஞ்சு, ஊரில் உள்ள எல்லாப் படத்துக்கும் இதே சாயம். பிலிமுக்கே உரிய, பொடிமணல் தூவியதுபோன்ற புள்ளிகளை அழுக்கு என்று நினைத்துத் துடைக்கிறார்கள். அதோடு முகத்தின் தழும்பும் போய், அடியாள்கூட மெழுகு பொம்மை ஆகிவிடுகிறான். இருட்டில் எடுத்த சண்டைகளைப் பார்ப்பவர்களுக்குத் தெரியட்டும் என்று வெளிச்சமாக்கிவிடுகிறார்கள். "கீழ விரிச்ச மெத்தை தெரியுது சார்! அந்த மனுஷன் மாடியிலேருந்து உயிரக் குடுத்து விழுந்திருக்கான். ஜனங்க மெத்தையப் பாத்துச் சிரிக்குது. யாரு பண்ண வேலை இது? அவன் விழுந்தது தப்பா, இவன் லைட்டப் போட்டது தப்பா?"

இப்படித் திட்டுகிறவர் என்றால் வேலையில் எப்படி இருப்பார்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருப்பார். பழைய பிரிண்ட் ஒன்று எங்காவது கெடாமல் கிடைத்தால் அதை ஒரு திரையில் ஓடவிட்டு, பக்கத்துத் திரையில் தன்னுடையதை வைத்து, இரண்டும் ஒன்றாகும்வரை உருட்டுவார். இயந்திரத்தில் நிற அளவு காட்டும் கோடுகளும் உண்டு. "கோடு எவ்வளவு நீலம் இருக்குன்னு சொல்லும். எவ்வளவு இருக்கணும்னு சொல்லாது" என்று அதை ஓரங்கட்டிவிடுவார்.

நான் அவரைப் பார்க்கப் போன சமயத்தில் அவர் கையில் இருந்தது துறைமுகத்தில் நடக்கும் ஒரு பழைய சண்டைப் படம். கிடங்குக்குள் பெரிய கலவரம். மூட்டை தூக்கும் தொழிலாளிகள் பச்சைச் சட்டை, முதலாளியின் அடியாட்கள் நீலச் சட்டை. நாயகன் பச்சை. அடிதடியின் நடுவே ஒரு சங்கிலி அறுந்து, நாயகன் சரக்குக் குழியில் தொங்குகிறான். ஒரு கை அவனை மேலே தூக்குகிறது. அந்தக் கை நீலச் சட்டைக் கை. எதிராளியின் கை. அதன் பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள், வசனம் கிடையாது. படத்தின் உயிரே அந்த இடம்தான் என்பது சாம்பலக்காவின் கட்சி. பார்த்த பிறகு நானும் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

நெகட்டிவ் பொடிந்துகொண்டிருக்கிறது. இன்னொரு முறை இயந்திரத்தில் ஏற்றினால் தாங்காது என்று கீழ்த்தளத்தில் சொல்லிவிட்டார்கள். "இந்தத் தடவ நாம என்ன கலர் குடுக்கறமோ, அதுதான் இனிமே அந்தப் படத்தோட கலர். தப்புப் பண்ணா திருத்த ஆளே கிடையாது" என்றார். அவர் குரல் அப்போது இறங்கியிருந்தது.

எதிர்க்கட்சி, கூடத்தின் நிர்வாகி. இளைஞர். எதைப் பார்த்தாலும் "இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு" என்பார். ஆகவே பளிச்சுத் தம்பி. கெட்டவர் இல்லை. பழைய படங்களை அழியவிடக் கூடாது என்று மேலிடத்தில் மன்றாடி இந்தக் கூடத்தைத் திறந்து வைத்திருப்பவரே அவர்தான். இன்றைய பிள்ளைகள் மங்கலாகத் தெரிகிற படத்தைத் தொடமாட்டார்கள், அவர்கள் பார்க்காவிட்டால் அடுத்த படத்தைக் காப்பாற்ற மேலிடம் கை கொடுக்காது என்பது அவர் கவலை. அதனால் வெளியே ஒருவரிடம் கொடுத்து, அதே கிடங்குச் சண்டையை நீலப்பச்சையில் முக்கி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நான் இருக்கும்போதே போட்டுக் காட்டினார். பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் பச்சைச் சட்டையும் நீலச் சட்டையும் ஒரே சட்டையாகிவிட்டன.

"தம்பி, இப்பத் தூக்கி விட்டானே, அவன் யாரு?" என்று கேட்டார் சாம்பலக்கா.

"ஏதோ கூட்டாளி."

"எதிராளி தம்பி! அடிக்க வந்தவன்! அதுதானே படமே!"

பளிச்சுத் தம்பி படத்தை நிறுத்தினார். பிறகு மெல்ல ஆரம்பித்தார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. போன வாரம் நீல ஒயரக் கேட்டேன், நீங்க பச்சைய எடுத்துக் குடுத்தீங்க. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இந்த ரெண்டு கலர் விஷயத்துல உங்க கண்ண வச்சுத்தான் நான் மேல போய்ப் பேசணும். கண்ண ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடுங்க. அப்புறம் ரெண்டு வெர்ஷனையும் போட்டுப் பாத்து முடிவு பண்ணலாம்."

சாம்பலக்காவுக்கு முகம் சிவந்தது. சிவப்பில் ஆரஞ்சு கலந்திருந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார். அவர் விழுந்து விழுந்து காப்பாற்றப் பார்த்த இரண்டு நிறங்களிலேயே அவர் கண்ணைச் சந்தேகப்பட்டால் அவரும் என்னதான் செய்வார்? எனக்குப் பாவமாக இருந்தது. மறுநாளே கண் மருத்துவரிடம் போனார் என்று தெரிந்தபோது ஆச்சரியமாகவும் இருந்தது.

புரை. இரண்டு கண்ணிலும். மருத்துவர் விளக்கியதை என்னிடம் அப்படியே ஒப்பித்தார். வயதானால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளாகப் பழுத்துப்போகும். நீலத்தை அது வடிகட்டிவிடும். பச்சையும் நீலமும் நெருங்கி நெருங்கி வந்து ஒட்டிக்கொள்ளும். மெதுவாக நடப்பதால் அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது. அவசரமில்லை, ஒரு வருஷம் பொறுத்துக்கூட ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றாராம். "படம் பொறுக்காதே டாக்டர்" என்று இவர் அந்த வாரத்திலேயே நாள் கேட்டிருக்கிறார்.

வீட்டில் பெரிய ரகளை. "ஒரு படத்துக்காகக் கண்ணுல கத்தி வைப்பாங்களா? அதுவும் நீ நடிச்ச படமா, நான் நடிச்ச படமா?" என்று வீட்டுக்காரர் குதித்தார்.

"நீங்க வண்டி ஓட்டும்போது பிரேக் சரியில்லன்னு தெரிஞ்சா, ஒரு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம்னு ஓட்டுவீங்களா?"

"அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்மா."

"இதுவும்தான்" என்று சொல்லிவிட்டுப் பையில் துணி எடுத்து வைக்கப் போய்விட்டார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் மருத்துவமனைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனதும், சொட்டு மருந்துக்குக் கைப்பேசியில் மணி வைத்து எழுப்பியதும் அந்த மனிதர்தான்.

முதலில் வலது கண். கட்டைப் பிரித்த பிறகு நான் போயிருந்தபோது, அவர் தலையணை உறையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மூடுவதும் மறு கண்ணை மூடுவதுமாக இருந்தார். "இடது கண்ணுக்கு இது பழைய பேப்பர் சார். வலது கண்ணுக்குப் புதுப் பேப்பர். இத்தன நாளா டீத்தண்ணி வழியாப் பாத்துக்கிட்டிருந்திருக்கேன்." சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் இருந்தது. ஆபரேஷன் ஆன கண்ணில் தண்ணீர் வரத்தான் செய்யும்.

இடது கண்ணுக்கு நாள் தள்ளித்தான் கிடைத்தது. அதுவரை காத்திருக்க அவருக்கு மனமில்லை. மருத்துவர் திரையைக் கொஞ்ச நேரம்தான் பார்க்க அனுமதி கொடுத்திருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தை எண்ணெய் விளக்கில் எண்ணெய் மிச்சம் பிடிப்பதுபோல் செலவழித்து, தான் நிறம் கொடுத்த ரீல்களை முதலிலிருந்து ஒற்றைக் கண்ணால் சோதித்தார். கிடங்குச் சண்டை சரியாகவே இருந்தது. பச்சை பச்சைதான், நீலம் நீலம்தான். "பழைய பிரிண்டையும் என்னோடதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். ரெண்டையும் ஒரே டீத்தண்ணி வழியாத்தான பாத்தேன்? அதனால தப்பிச்சேன்" என்று தொலைபேசியில் சொன்னார். குரலில் வெற்றி இருந்தது. இரண்டு வெர்ஷனையும் போட்டுப் பார்த்து முடிவு செய்யும் நாளுக்கு என்னையும் வரச் சொன்னார்.

அன்று காலை போனபோது அவர் அறையில் இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். கடைசி ரீலை அப்போதுதான் பார்த்து முடித்திருக்கிறார்.

விஷயம் இதுதான். இந்தப் படத்துக்குக் கிடைத்த பழைய பிரிண்டில் கடைசி ரீல் மட்டும் இல்லை. ஒப்பிட ஒன்றும் இல்லாததால் அந்த ரீலுக்கு மட்டும் அவர் தன் கண்ணை நம்பி நிறம் கொடுத்திருந்தார். சண்டை முடிந்து, விடியலில், பச்சைச் சட்டைக்காரனும் நீலச் சட்டைக்காரனும் கடற்கரையில் சேர்ந்து நடந்து போவதுதான் முடிவுக் காட்சி. பழுத்த கண்ணுக்கு நீலம் போதவில்லை. போதவில்லை போதவில்லை என்று ஊற்றிக்கொண்டே போயிருக்கிறார். கடல் நீலம், மணல் நீலம், இரண்டு சட்டையும் ஏறக்குறைய ஒரே நீலம்.

"நான் யாரத் திட்டிக்கிட்டிருந்தேனோ அவன் பண்ணதையே பண்ணி வச்சிருக்கேன் சார். அவனாவது வேணும்னு பண்ணான்."

திருத்த நேரம் இல்லை. பளிச்சுத் தம்பி அதற்குள் வந்துவிட்டார். அறைக்குள் போய் மூவரும் உட்கார்ந்தோம். முதலில் அவருடைய நீலப்பச்சைச் சண்டை, பிறகு சாம்பலக்காவின் சண்டை. குழியிலிருந்து நாயகனை அந்தக் கை தூக்கியபோது பளிச்சுத் தம்பி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அடப்பாவி, இவன் அந்தப் பக்கத்து ஆளாச்சே!" என்று அவர் வாயிலிருந்தே வந்தது. சாம்பலக்கா திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் மேலங்கிக்குள் கைகளைப் பிசைந்துகொண்டேன்.

கடைசி ரீல் ஓடியது. கடற்கரை வந்தது. பளிச்சுத் தம்பி எழுந்தே நின்றுவிட்டார்.

"அக்கா! இது! இதுதான் எனக்கு வேணும்! இத நீங்களா பண்ணீங்க? எவ்வளவு புதுசா இருக்கு! சரி, நான் தோத்துட்டேன்னே வச்சுக்கங்க. கிடங்குச் சண்டை உங்க இஷ்டப்படியே போகட்டும். முடிவுக் காட்சி இப்படியே இருக்கட்டும். மேல இந்த ரீலக் காட்டினாப் போதும், எல்லாத்துக்கும் ஒத்துக்குவாங்க. நான் பாத்துக்கறேன்."

கேட்டது கிடைத்துவிட்டது. அதற்கு மேலேயும் கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினால் போதும். அவர் இடத்தில் நான் இருந்தால் ஆட்டியிருப்பேன், தயங்கியிருக்கக்கூட மாட்டேன்.

"இது தப்பு தம்பி" என்றார் சாம்பலக்கா. "நீங்க சொன்னது சரிதான். என் கண்ணு கெட்டிருந்துச்சு. கெட்ட கண்ணு குடுத்த கலர் இது."

"யாருக்கு அக்கா தெரியப் போகுது? அந்த ரீலோட பிரிண்டே இல்லயே. யாரு வந்து கேக்கப் போறாங்க?"

"கேக்க ஆளில்லைங்கறதாலதான் சொல்றேன். ஒருத்தன் ஒருத்தனக் கை குடுத்துத் தூக்கினான். அவன் பச்ச, இவன் நீலம். அப்படியே ரெண்டு பேரும் சேந்து நடந்து போறாங்க. பாருங்க இங்க, நான் ரெண்டு பேருக்கும் ஒரே சட்டை தைச்சுக் குடுத்திருக்கேன்."

"இத மாத்தினா மேல என்னன்னு அக்கா சொல்றது? மொத்தத்தையும் பழையபடி என் வெர்ஷன்லயே போகச் சொல்லிட்டாங்கன்னா? சண்டையும் சேந்து போயிடும், யோசிச்சுக்கங்க."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், முகத்தில் தெரிந்தது.

"எனக்குக் கண் ஆபரேஷன் ஆச்சுன்னு சொல்லுங்க" என்றார்.

பிறகு நாற்காலியை மேசைக்கு இழுத்துப்போட்டுக்கொண்டு, இடது கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். வலது உள்ளங்கையை உருண்டைமேல் வைத்தார். பளிச்சுத் தம்பி "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். திரையில் மணலிலிருந்து நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது, கடல் அழுக்காயிற்று, விடியல் சோகை பிடித்ததுபோல் வெளுத்தது. நடந்து போகிற இரண்டு முதுகுகளில் ஒன்று பச்சையாகவும் ஒன்று நீலமாகவும் பிரிகிறவரை அந்தக் கை உருட்டுவதை நிறுத்தவில்லை.